கத்திச் சண்டையில் ஒரு தர்ம சங்கடம்

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதிய அதே பேனா, இந்த வாரம் கத்திச் சண்டையைப் பற்றி எழுதப் போகிறது. பயப்பட வேண்டாம், சகோதரிகளே! கத்தி நிஜக் கத்தி அல்ல. கம்ப்யூட்டர் திரைக்குள்ளே சுழல்கிற கத்தி. ஆனால் அதனால் என் அக்கா வீட்டில் மூண்ட சண்டை மட்டும் முழுக்க முழுக்க நிஜம்.

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் கொடைரோடு. ரயில் நின்றதும் இறங்குகிற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாயுமாக, "கொடைக்கானல் பஸ் எங்கே?" என்று கேட்டுக்கொண்டு ஓடுவார்கள். மலைக்கு அங்கிருந்து இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் போக வேண்டும். அவர்களுக்குக் கொடைரோடு ஓர் ஊரே அல்ல. ஊருக்குப் போகிற வழி. இங்கேயும் ஜனங்கள் திராட்சை விற்கிறார்கள், மல்லிகை தொடுக்கிறார்கள், பிள்ளைகளைப் பெற்று அவஸ்தைப்படுகிறார்கள் என்பதைத் திரும்பிப் பார்க்க அவர்களுக்கு நேரம் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

போன வாரம் அக்காவிடமிருந்து டெலிபோன் வந்தது.

"ஏண்டி, உன் அருமைப் பிள்ளை ஸ்கூல்லே ஒரு பையனைப் பிடிச்சுத் தள்ளிட்டான். அவனுக்கு முன்பல் பாதி உடைஞ்சு போச்சு. மன்னிப்புக் கேளுடான்னா கல்லு மாதிரி நிக்கிறான். எல்லாம் அந்தப் பாழாப்போன கேம் படுத்துற பாடு! நீ வந்து ரெண்டு அறை வச்சுப் புத்தி சொல்லிட்டுப் போ."

இரண்டு அறை வைப்பதற்காகச் சென்னையிலிருந்து ரயில் சார்ஜ் கொடுத்துப் போகிற சித்தி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போனேன்.

வீட்டில் நிலவரம் இப்படி இருந்தது: லாப்டாப் இரும்பு பீரோவுக்குள் சிறை. சாவி அக்காவின் இடுப்பில். பதின்மூன்று வயதுக் குற்றவாளி ஜன்னலோரத்தில் சிறுமலையைப் பார்த்துக்கொண்டு மௌன விரதம். அத்தான் பத்திரிகைக்குப் பின்னால் தலைமறைவு. அத்தானைப் பெற்ற அப்பத்தா மட்டும் எதுவும் நடக்காதது போல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"குற்றம் செய்த பொருளைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுகிற வழக்கம் எங்கள் ஆபீசில் கிடையாது. பீரோவைத் திற, அக்கா" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே திறந்தாள்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சரித்திரம். வேஷம் போட்டு ஆடுகிற இந்த மாதிரி விளையாட்டுகளுக்கெல்லாம் மூலபுருஷன் கம்ப்யூட்டரில் பிறக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் பிறந்தான். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். காகிதம், பென்சில், இருபது முகம் கொண்ட பகடை, இவ்வளவுதான் சாமான். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் "நான் வீரன்", "நான் மந்திரவாதி" என்று வேஷம் ஏற்றுக்கொண்டு குகைக்குள் நுழைவார்கள். பூதம் எதிரே வந்தால் வெட்டுவதா, ஓடுவதா, பேசிப் பார்ப்பதா என்று அவர்களே தீர்மானிக்க வேண்டும். வெட்டு விழுந்ததா என்பதைப் பகடை சொல்லும். நம் தாயக்கட்டையோடு ராஜா ராணிக் கதையைக் கல்யாணம் செய்து வைத்தால் எப்படியோ, அப்படி.

அந்த முதல் ஆட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பூதத்தைக் கொன்றால் கிடைக்கிற மதிப்பெண்ணை விட, புதையலை வெளியே கொண்டுவந்தால் கிடைக்கிற மதிப்பெண் அதிகம். ஆகவே கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் பூதம் தூங்குகிற நேரம் பார்த்துப் பூனை மாதிரி போய் வந்தார்கள்! எதற்கு மார்க் கொடுக்கிறோமோ அதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள் என்பது நம் வீட்டில் மட்டும் உள்ள விதி அல்ல.

பிற்பாடு இந்த ஆட்டம் கம்ப்யூட்டருக்குள் குடியேறியது. ரிச்சர்ட் கேரியட் என்ற இளைஞர் 'அல்டிமா' என்ற வரிசையில் பல கேம்களைச் செய்தார். ஜனங்கள் ஆடினார்கள். எப்படி? கடையில் திருடி, வழியில் போகிறவனை வெட்டி, ஜெயிப்பதற்கு எது சுருக்கு வழியோ அதையெல்லாம் செய்து. 'நான் வீரனைத்தானே படைத்தேன், திருடன் எங்கிருந்து வந்தான்?' என்று அவருக்குத் தோன்றிவிட்டது. 1985-ல் வந்த நான்காவது 'அல்டிமா'வில் சம்ஹாரம் செய்வதற்கு ஒரு பெரிய அசுரனே கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம், நியாயம், தியாகம், மானம், ஆன்மிகம், அடக்கம் என்று எட்டுக் குணங்களில் தேறி, ஆடுகிறவரே 'அவதார'மாக வேண்டும். ஆம், நம்முடைய அவதாரமேதான்; சொல்லைக் கூட மாற்றவில்லை.

அதில் மூலிகைக் கடைக்காரருக்குக் கண் தெரியாது. காசை நாமே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கேம் மட்டும் கணக்கில் எழுதிக்கொள்ளும். சண்டையும் உண்டு, தாராளமாக உண்டு. ஆனால் தீமையே உருவான பூதத்துக்குப் பயந்து ஓடினால் வீரத்தில் மார்க் குறையும். பசிக்கு வந்த வெறும் மிருகம் பயந்து ஓடும்போது விட்டுவிட்டால் இரக்கத்தில் மார்க் ஏறும். கத்தி அதே கத்திதான். அதை எங்கே நிறுத்துகிறாய் என்பதுதான் பரீட்சை.

சரி, நம் குற்றவாளியிடம் வருவோம்.

அவன் ஆடிக்கொண்டிருந்த கேமுக்குப் பெயர் 'அண்டர்டேல்'. 2015-ல் வந்தது. டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வாலிபர் பெரும்பாலும் தனி ஆளாக உட்கார்ந்து, சங்கீதம் உட்பட, செய்தது. படங்களைப் பார்த்தால் நம் கோலப் புத்தகத்துப் புள்ளிச் சித்திரம் மாதிரி இருக்கிறது. கதை இதுதான்: ஒரு குழந்தை பாதாளத்தில் விழுந்துவிடுகிறது. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் பூதங்கள். முன்னொரு காலத்தில் மனிதர்களே யுத்தம் செய்து அவர்களைக் கீழே தள்ளி அடைத்தது. குழந்தை வெளியே வர வேண்டும்.

பூதம் எதிர்ப்பட்டால் நான்கு பொத்தான்கள் வருகின்றன. அதில் ஒன்று 'சண்டை'. இன்னொன்று 'கருணை'. கருணையை அமுக்கினால் ஆட்டம் சப்பென்று முடிந்துவிடுமோ என்று நினைத்தேன். இல்லை! நீங்கள் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் பூதத்தின் முறை வரும்போது அது அடிக்கத்தான் செய்யும். ஒரு சின்னப் பெட்டிக்குள் நம் உயிர் சிவப்பு இதயமாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல் நெருப்பும் எலும்பும் மழையாகப் பொழியும். விரலால் அதை இங்கும் அங்கும் ஓட்டித் தப்பிக்க வேண்டும். கண்ணாமூச்சியும் பாண்டியும் சேர்ந்த மாதிரி அப்படி ஒரு விறுவிறுப்பு! சாதுவாக இருப்பவனுக்கும் வியர்க்கிறது.

"நான் ஆடறேன், நகருடா" என்று உட்கார்ந்தேன்.

முதலில் டோரியல் என்று ஒரு ஆட்டு முகத்து அம்மாள் வருகிறாள். வழி தெரியாத குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். இனிப்புப் பணியாரம் செய்து தருகிறாள். படுக்கை போடுகிறாள். "நான் வெளியே போக வேண்டும்" என்றால் மட்டும் முகம் மாறுகிறது. வெளியே போன குழந்தைகள் யாரும் பிழைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். சண்டை போட்டு ஜெயித்தால்தான் வழி.

இதற்கு முன் வந்த பூதங்களைக் கொஞ்சம் அடித்துக் களைப்பாக்கிவிட்டால் கருணை காட்டி விட்டுவிடலாம் என்று கற்றுக்கொண்டிருந்தேன். அதே யுக்தியை இங்கேயும் செய்தேன். கொஞ்சம் அடித்தேன். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரே அடி, அப்புறம் விட்டுவிடலாம் என்று அடித்தேன். அந்த ஒரே அடி எதிர்பாராத வேகத்தில் இறங்கியது. டோரியல் செத்துப் போனாள்.

நேயர்களே, முப்பது வயதைத் தாண்டி, பி.ஏ. படித்து, பத்திரிகையில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒருத்தி, புள்ளிக் கோலத்து ஆட்டைக் கொன்றுவிட்டு வாயடைத்து உட்கார்ந்திருந்தேன்.

"முதல் தடவை நிறையப் பேர் அப்படித்தான் செஞ்சுடுவாங்க, சித்தி" என்றான் பையன். இரண்டு நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். "பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடலாம். ஆனா நீங்க அவங்களைக் கொன்னுட்டுத்தான் திரும்பி வந்திருக்கீங்கன்னு அங்கே ஒரு பூவுக்குத் தெரியும். அது சொல்லிக் காட்டும்."

அந்தக் கேமில் சண்டைக்குக் கிடைக்கிற மார்க்கை எல்லாரும் அனுபவத்துக்கான மார்க் என்று நினைத்துச் சேர்ப்பார்களாம். கடைசியில்தான் தெரியுமாம், அது கொன்ற கணக்கு என்று. கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொன்றுகொண்டே போனால் ஊர்கள் காலியாகிவிடும்; கடைக்காரர்கள் கடையைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். இன்னொரு விபரீதமும் சொன்னான். அந்தப் பாவ வழியில் முழுக்கப் போனவர்களுக்குத்தான் கடைசியில் மிகக் கடினமான, மிக அருமையான ஒரு சண்டை வாய்க்கும். அந்த ஒரு சண்டைக்கு ஆசைப்பட்டு ஊரையே அழித்தவர்கள் உண்டாம்.

"நீ?" என்றேன்.

"பாதி வழியிலே நிறுத்திட்டேன்" என்றான். ஏன் என்று சொல்லவில்லை.

யோசித்துப் பாருங்கள். சண்டை ருசிக்க வேண்டுமானால் கை சுதந்திரமாக ஓட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் யாராவது வந்து நீதி போதனை செய்தால், பந்தியில் கவளத்துக்குக் கவளம் அரிசி விலை சொல்லுகிற மாதிரி ஆகிவிடும். எதிரி வெறும் வாழைமரமாக இருந்தாலோ, வெட்டிச் சாய்க்கலாம், எண்ணிக்கை சொல்லலாம், சீக்கிரமே அலுத்துப் போகும். சில கேம்களில் நல்லதுக்கு ஒரு நிறம், கெட்டதுக்கு ஒரு நிறம் என்று பொத்தானிலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். ஆடுகிறவன் ஆரம்பத்திலேயே ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டு அப்புறம் யோசிப்பதே இல்லை. அது தர்ம சங்கடம் அல்ல; கடைக் கணக்கு.

கெட்டிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? நியாயத்தைச் சண்டைக்கு முன்னால் வைக்கிறார்கள், பின்னாலும் வைக்கிறார்கள். நடுவில் ஆட்டக்காரனை ஆடவிடுகிறார்கள். அதோடு, விட்டுக்கொடுப்பதையும் ஒரு வித்தையாக்கி விடுகிறார்கள். 'அண்டர்டேலி'ல் நகைச்சுவை சொல்கிற பூதத்துக்குச் சிரிக்க வேண்டும். வாள் ஏந்திய நாய் வீரனைத் தடவிக் கொடுக்க வேண்டும். தடவத் தடவ அதன் கழுத்து ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீண்டுகொண்டே போகிறது! வழியில் எதிர்ப்படுகிறவன் வெறும் தடங்கல் அல்ல, அவனுக்கும் ஒரு வீடு உண்டு, அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கிறது என்று விளையாட்டே சொல்லிக் கொடுக்கிறது. கொடைக்கானல் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் கொஞ்சம் ஆடிப் பார்க்கலாம்.

இதையெல்லாம் நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது அப்பத்தா வெற்றிலையை அதக்கிக்கொண்டே சொன்னார்:

"இதுல என்னம்மா புதுசு? நான் சிறு பிள்ளையா இருக்கையிலே திண்டுக்கல்லுக்குப் போய்க் 'கர்ணன்' படம் பார்த்தோம். சண்டையிலே கொட்டகையே விசில்ல அதிரும். தேர்ச் சக்கரம் மண்ணுல புதைஞ்சதும் ஒரு சத்தம் இருக்காது. விசிலடிச்ச அதே ஆளுக துண்டை எடுத்துக் கண்ணைத் தொடைப்பாக."

பி.ஆர். பந்துலு எடுத்து, 1964-ல் வெளிவந்த படம் அது. யுத்தக் காட்சிகளுக்காகக் குருக்ஷேத்திரத்துக்கே போனார்கள். 2012-ல் புதுப்பித்து மறுபடி வெளியிட்டபோதும் ஜனங்கள் கூட்டமாகப் போய் அழுதுவிட்டுத்தான் வந்தார்கள்.

"நியாயம் யார் பக்கம் இருந்துச்சு, அப்பத்தா?" என்று பையன் கேட்டான்.

"ஆயுதம் இல்லாதவனை அடிக்கக் கூடாதுன்னு கர்ணன் கேட்டது நியாயம். அபிமன்யுவை ஒத்தப் பிள்ளையா வளைச்சுக் கொல்லையிலே அந்த நியாயம் எங்கே போச்சுன்னு கிருஷ்ணன் கேட்டானே, அதுவும் நியாயம். ரெண்டு பக்கமும் இருந்ததாலேதானே அழுகை வந்துச்சு?"

பாரத யுத்தம் தொடங்குவதற்கு முன் இரு தரப்பாரும் கூடி விதி வகுத்துக்கொண்டார்கள். ஓடுகிறவனை அடிக்கக் கூடாது. ஆயுதம் இழந்தவனை அடிக்கக் கூடாது. சமமானவர்களே மோத வேண்டும். பதினெட்டு நாளில் அந்த விதிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. உடைத்தவர்கள் கெட்டவர்கள் மட்டும் அல்ல. அதனால்தான் இத்தனை நூற்றாண்டாகியும் அந்தச் சண்டை நமக்கு அலுக்கவில்லை.

அன்று ராத்திரி சமையலறை வேலை முடிந்ததும் அக்கா தானாக வந்து நின்றாள். "அது என்னதான்னு நானும் பார்க்கிறேன்" என்றாள். பையன் சந்தேகமாக நாற்காலியை நகர்த்தினான்.

டோரியல் வாசலை மறித்ததும் அக்கா சண்டைப் பொத்தானைத் தொடவே இல்லை. "நம்ம நல்லதுக்குத்தானேடா மறிக்கிறா" என்றாள். கருணை, கருணை, கருணை என்று திரும்பத் திரும்ப அமுக்கினாள். நெருப்பு மழை பொழிந்தது. "ஐயையோ, இந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!" என்று அவள் போட்ட கூச்சலில் அத்தான் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். சிவப்பு இதயத்துக்கு உயிர் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் அது நடந்தது. பொழிகிற நெருப்பெல்லாம் இதயத்தின் மேல் படாமல் விலகி விலகிப் போக ஆரம்பித்தது.

அக்கா விரலை எடுத்துவிட்டாள்.

"டேய், இவ என்னை அடிக்க மாட்டேங்கிறாடா! அடிக்கிற மாதிரி பாவனை பண்றா!"

"ஆமாம்மா" என்றான் பையன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "நாங்களும் விளையாட்டாத்தாம்மா ஆரம்பிச்சோம். வராந்தாவுலே மல்யுத்தம் மாதிரி. அவனும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். இன்னும் ஒரு தடவை தள்ளிட்டு விட்டுடலாம்னு நினைச்சேன். சித்தி டோரியலை அடிச்ச மாதிரி ஆயிடுச்சு."

"அப்புறம் ஏண்டா மன்னிப்புக் கேட்கலே?"

"கேட்டா பல்லு வந்துடுமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? கேமில் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகலாம். பள்ளிக்கூட வராந்தாவில் அந்த வசதி இல்லை. நாங்கள் கல் என்று நினைத்த பிள்ளை இரண்டு நாளாக இந்தக் கணக்கைத்தான் தனியாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கொண்டு வந்திருந்த இரண்டு அறைகளையும் நான் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

அத்தான்தான் பதில் சொன்னார். "பல்லு வராதுப்பா. டாக்டர் கட்டி விடுவார். அந்தச் செலவு என்னோடது. மத்தது உன்னோடது."

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் கத்தி சுழற்றுகிற கேம் ஆடலாம். எந்த வயதுக்கானது என்று முதலில் பாருங்கள். பெரியவர்களுக்கென்றே செய்தவையும் நிறைய உண்டு. பிறகு பீரோவைப் பூட்டுவதற்கு முன் அரை மணி பக்கத்தில் உட்காருங்கள். "ஜெயிச்சியா?" என்று கேட்காதீர்கள். "யாரோடே சண்டை? அவன் என்ன தப்புப் பண்ணினான்? அடிக்காம விட வழி இருந்துச்சா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கேமாக இருந்தால் அதுவே அதைப் பற்றிய விமரிசனம். பதில் வந்தாலோ, கேமைப் பற்றி மட்டும் வராது.

மறுநாள் சாயந்திரம் ஒரு கிலோ பன்னீர் திராட்சையோடு பையன் அந்த வீட்டுக்குப் போனான். அந்த அம்மாள் பையை வாங்கிக்கொண்டாள். பல் உடைந்த பையன் உள்ளேயிருந்து வரவே இல்லை. இவன் வாசலில் கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினான்.

"என்னடா ஆச்சு?" என்று அப்பத்தா கேட்டார்.

"வரலை. நாளைக்கும் போறேன்" என்றான்.

அன்று ராத்திரி ரயிலில் நான் சென்னைக்குத் திரும்பினேன். நேற்றுக் காலையில் அக்காவிடமிருந்து டெலிபோன். மூன்றாவது நாள் அந்தப் பையன் வாசல் வரைக்கும் வந்தானாம்.